ஷோகேஸ் யாருக்குச் சொந்தம்?

தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோவை அடையாளம் காட்டியது பெயர்ப்பலகையைவிட வாசலில் இருந்த கண்ணாடி ஷோகேஸ்தான். பட்டமளிப்பு அங்கியில் ஒரு பையன், குப்புறக் கவிழ்ந்து தலை தூக்கிப் பார்க்கும் குழந்தை, பூச்சாடிக்குப் பக்கத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் புதுமணத் தம்பதி, கன்னத்தில் சற்றுக் கூடுதலாகச் சிவப்பு ஏற்றப்பட்ட ஓர் இளம்பெண் என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வேடிக்கை பார்க்க ஊரே அதற்குள் இருந்தது. ஸ்டுடியோக்காரருக்கு அதுதான் விளம்பரம். எந்தப் படம் உள்ளே போக வேண்டும், எத்தனை வருஷம் இருக்க வேண்டும், வெயிலில் வெளிறியதை எப்போது எடுக்க வேண்டும் என்பதை முடிவுசெய்தவர் அவர். சாவியும் அவரிடம்தான் இருந்தது. இன்று அந்த ஷோகேஸ் இன்ஸ்டாகிராமுக்குக் குடிபோய்விட்டது. பார்ப்பவர்கள் தெருவிலிருந்து உலகமாகப் பெருகியிருக்கிறார்கள். சாவி கலிபோர்னியாவில் இருக்கிறது. சமூக ஊடகத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது பற்றிக் கேட்டால் புகைப்படக்காரர்கள் ஒரே மூச்சில் நன்றியும் சொல்கிறார்கள், சலித்தும் கொள்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை, அது இருப்பதால் நிம்மதி இல்லை. இந்த இரட்டை மனத்தைச் சிலர் பழமைப் பிடிப்பு என்கிறார்கள், சிலர் போதை என்கிறார்கள். அது சரியான கணக்கு என்பதும், சாவி கைமாறியதிலிருந்தே அது பிறக்கிறது என்பதும் என் வாதம்.

இரட்டை மனத்துக்குப் பொதுவெளியிலேயே சான்றுகள் உண்டு. 2010 அக்டோபரில் தொடங்கிய இன்ஸ்டாகிராமை 2012 ஏப்ரலில் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த புதிய விதிமுறைகள் பயனர்களின் படங்களை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள இடம் தருகின்றன என்ற அச்சம் பரவியபோது, நேஷனல் ஜியாகிரபிக் இதழ் தன் கணக்கில் படம் போடுவதையே நிறுத்தி வைத்தது. நிறுவனம் இறங்கி வந்தது, இதழும் திரும்பி வந்தது. 2021 ஜூன் இறுதியில் இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி, இது இனி வெறும் படம் பகிரும் செயலி அல்ல, வீடியோதான் எதிர்காலம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில், பழைய இன்ஸ்டாகிராமைத் திருப்பிக் கொடுங்கள் என்ற முறையீட்டைத் தொடங்கியவர் ஓர் இளம் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். கைலி ஜென்னரும் கிம் கர்தாஷியனும் அதைப் பகிர்ந்த சில நாட்களில், திரையை முழுதாக அடைக்கும் சோதனை வடிவம் திரும்பப் பெறப்பட்டது. (புகைப்படக்காரர்கள் மட்டும் கத்தியிருந்தால் கேட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.) 2024 ஜூனில், மெட்டா (பேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) பொதுப் பதிவுகளைக் கொண்டு தன் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கிறது என்ற கோபத்தில் ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் ‘காரா’ என்ற புதிய செயலிக்குப் படையெடுத்தார்கள். ஜிங்னா ஜாங் என்ற புகைப்படக் கலைஞர் தொடங்கிய அதில் சில நாட்களுக்குள் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 40,000-இலிருந்து ஆறு லட்சத்தைத் தாண்டியது. ஆனாலும் இன்ஸ்டாகிராம் கணக்குகள் காலியாகிவிடவில்லை. ஒவ்வொரு முறையும் கோபம் உண்மையாக இருந்தது. கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கியதும் உண்மை.

ஏன் தங்குகிறார்கள் என்பதற்கு விடை செல்போன் வருவதற்கு முன்பே தொடங்குகிறது. பிலிம் காலத்தில் ஸ்டுடியோவின் சொத்து கேமரா அல்ல, நெகட்டிவ். கவரில் போட்டு, எண்ணும் தேதியும் எழுதி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். பாஸ்போர்ட் சைஸ் இன்னும் ஆறு காப்பி வேண்டுமா, வெளிநாடு போன மகனுக்குக் கல்யாணப் படம் அனுப்ப வேண்டுமா, இறந்துபோன பெரியவரின் முகத்தைக் குடும்பப் படத்திலிருந்து பிரித்துப் பெரிதாக்கி மாலை போட வேண்டுமா, அதே ஸ்டுடியோவுக்குத்தான் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு கிளிக்குக்கு இருபது வருஷம் வருமானம் இருந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அப்படித் தேட ஏதோ மிஞ்சியிருந்ததற்கு ஒரு காரணம், தலைமுறை தலைமுறையாக ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவைப் பணமாகக் கருதிப் பாதுகாத்தது. டிஜிட்டல் அந்தப் பெட்டியைக் காலி செய்தது. இப்போது கல்யாணம் முடிந்ததும் ‘டேட்டா’ முழுவதும் ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ வாடிக்கையாளர் கைக்குப் போய்விடுகிறது. திரும்பி வருவதற்கு அவருக்குக் காரணமே இல்லை. புகைப்படக்காரரிடம் எஞ்சுவது ஒன்றுதான்: பெயர். இன்ன ஆள் நன்றாக எடுப்பார் என்ற அந்தப் பெயரைச் சேமித்து வைக்கும் இடமாக இன்ஸ்டாகிராம் வந்து சேர்ந்தது. நெகட்டிவ் பெட்டி கடைக்குள் இருந்தது. பெயர்ப் பெட்டி இன்னொருவர் கடையில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், ஒருவர் அதை ஏன் விட முடிவதில்லை, ஏன் நம்பவும் முடிவதில்லை என்பது விளங்கும்.

நன்றிக்கான காரணங்களைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. கல்யாணப் புகைப்படத் தொழிலில் ஆர்டர் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். மண்டப மேனேஜர் சொல்வார், பந்தல் போடுபவர் சொல்வார், சமையல் காண்ட்ராக்டர் சொல்வார். சொல்பவருக்குக் கமிஷன் உண்டு. அதற்கும் முன்னால் உறவும் சாதியும் ஊரும் சொல்லிவிடும். ‘நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்’ என்ற ஒரு வாக்கியத்தில் பாதி ஆர்டர்கள் முடிந்துபோயின. அந்த ‘நம்ம’வுக்குள் வராதவர், அப்பாவோ மாமாவோ ஸ்டுடியோ வைத்திராதவர், இன்னொரு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர், எவ்வளவு நன்றாக எடுத்தாலும் அசிஸ்டன்டாக லைட் பிடித்தே காலம் தள்ள வேண்டியிருந்தது. பெண் புகைப்படக்காரர்களுக்கு அந்த வாசலும் அரிது. இந்தச் சுவரில் கதவு வைத்தது சமூக ஊடகம். கடன் வாங்கிய கேமராவில் தோழியின் நிச்சயதார்த்தத்தை எடுத்து ஒன்பது படம் போட்டவருக்கு, கடைவீதியில் அட்வான்ஸ் கொடுத்து இடம் பிடிக்கத் தேவையில்லாமல் ஒரு ஷோகேஸ் கிடைத்தது. போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுக்கும் படத்தைக் குறிக்கும் கேண்டிட் என்ற சொல்லே வீடுகளுக்குள் நுழைந்தது இதன் வழியாகத்தான். அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஆல்பம் எத்தனை ஷீட், வீடியோ எத்தனை மணி நேரம் என்பது மட்டும். இப்போது மணப்பெண்ணே ஒரு படத்தை எடுத்துக் காட்டி இந்த வெளிச்சம், இந்த மாதிரி இயல்பு வேண்டும் என்கிறாள். ரசனை உள்ள வாடிக்கையாளர் என்பவர் எந்தக் கலைக்கும் எளிதில் கிடைக்காத வரம். ஆவணப் புகைப்படத் துறையிலும் இதற்கு இணையான கதவுகள் திறந்தன. 2012-இல் ஐவரி கோஸ்ட்டில் தொடங்கி இன்ஸ்டாகிராமில் வளர்ந்த ‘எவ்ரிடே ஆப்பிரிக்கா’, போரும் பஞ்சமும் தவிர வேறெதையும் காட்டாத செய்தி இதழ்களின் அனுமதியின்றி ஒரு கண்டத்தின் அன்றாடத்தைக் காட்டியது. பழைய வாயிற்காவலர்களை நினைத்து ஏங்குகிறவர்கள், அவர்களிடம் கைகட்டி நின்றவர்களாக இருக்க மாட்டார்கள்.

சிக்கல் கதவு திறந்த பிறகு தொடங்குகிறது. தெருவின் அகலமும் கடையின் வாடகையும் அறிவிப்பில்லாமல் மாறும் ஊரில் வியாபாரம் செய்வது எப்படியிருக்கும்? இன்ஸ்டாகிராமில் தொடக்கத்தில் சதுரப் படம் மட்டுமே ஏற்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் மற்ற வடிவங்களுக்கு அனுமதி வந்தது. அதுவரை நேர வரிசையில் வந்த பதிவுகள் 2016-இல் நிறுவனத்தின் கணிப்பு வரிசைக்கு மாறின. அதே ஆண்டு ஸ்டோரீஸ் வந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடைசெய்த சில நாட்களில் இந்திய இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் என்ற குறுவீடியோ வந்தது. 2025 ஜனவரியில், பத்தாண்டுக்கும் மேலாகச் சதுரக் கட்டங்களாக இருந்த முகப்பு, நெட்டைக் கட்டங்களாக மாறியது. சதுரத்துக்கென்று வண்ணம் பார்த்து, வரிசை பார்த்து அடுக்கி வைத்தவர்களின் முகப்பில் ஒரே நாளில் தலைகளும் கைகளும் வெட்டுப்பட்டு நின்றன. பேஸ்புக்கின் கதை இதற்கு முன்னோட்டம். ஒரு பக்கத்தின் பதிவு அதைப் பின்தொடர்பவர்களில் எத்தனை பேருக்குப் பணம் செலுத்தாமல் போய்ச் சேர்கிறது என்று ஓகில்வி விளம்பர நிறுவனம் நூற்றுச் சொச்சம் பக்கங்களை எடுத்து அலசியது. 2013 அக்டோபரில் சுமார் 12 விழுக்காடாக இருந்த அந்த அளவு 2014 பிப்ரவரியில் 6 விழுக்காட்டை ஒட்டி இறங்கியிருந்தது. ஆயிரம் பேரைச் சேர்த்தவர் அறுபது பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்களிடம் பேச ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பணம் கட்ட வேண்டும், நம் நாட்டில் அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து. ஆகவே இலவசம் என்ற சொல்லை நம்பி வைக்கும் வாதம் நிற்காது. முதல் சில வருஷங்களுக்கு வாடகை வாங்காமல் கடை கொடுத்து, வாடிக்கையாளர் கூட்டம் சேர்ந்த பிறகு வாடகை கேட்கும் தந்திரம் இது. கடையே காணாமல் போவதும் உண்டு. டிக்டாக்கில் பெயர் சேர்த்தவர்கள் ஒரே இரவில் அதை இழந்தார்கள். புகைப்பட ஆர்வலர்கள் பலர் நம்பிப் போன கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.

இவற்றையெல்லாம்கூட வியாபாரச் சங்கடங்கள் என்று தள்ளிவிடலாம். சட்டகம் மாறுவதை அப்படித் தள்ள முடியாது, ஏனென்றால் அது படத்துக்குள்ளேயே கை வைக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். அதன் இயல்பு கிடைமட்டம். நம் ஊர்க் கல்யாண ஆல்பம் விரிந்தால் 12-க்கு 36 அங்குலம் என்று இன்னும் அகலமாகப் படுக்கும். மணமேடையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது: நடுவில் மணமக்கள், ஒரு பக்கம் பெண்ணின் பெற்றோர், மறுபக்கம் நாத்தனார், பின்னால் எட்டிப் பார்க்கும் கூட்டம், அட்சதை வீசும் கைகள். தாலி கட்டுவது ஒருவருக்கு ஒருவர் செய்யும் காரியமாக மட்டும் இருந்திருந்தால் கோயில் தூணருகே இருவர் நின்று முடித்திருக்கலாம். அது ஒரு சபையின் முன் நடப்பது, சபையோடு சேர்ந்துதான் படமாகும். ரீல் கேட்பது 9-க்கு 16 என்ற நெட்டை வடிவம். அதற்குள் இரண்டு முகமும் ஒரு முடிச்சும் அடங்கும், சபை அடங்காது. கெட்டிமேளம் கொட்டும் அந்தச் சில நொடிகளில் ஒரே ஆள் படுக்கையாகவும் நெட்டையாகவும் பிடிக்க முடியாது. ஆகவே மேடையில் ஆட்கள் கூடுகிறார்கள்: டிரடிஷனல் போட்டோ, டிரடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ, இவர்களுக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு ரீலுக்கென்றே வந்திருக்கும் ‘கன்டென்ட் கிரியேட்டர்’. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரிவது இவர்களின் முதுகு. ஆளைக் கூட்ட முடியாத சின்ன ஸ்டுடியோக்காரர் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. காசு கொடுத்தவரின் ஆல்பத்தை விட்டுக்கொடுப்பதா, அடுத்த ஆர்டரைக் கொண்டுவரும் ரீலை விட்டுக்கொடுப்பதா என்பது அவர் அந்த நொடியில் எடுக்க வேண்டிய முடிவு. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 24 மெகாபிக்சல் கேமரா 6000-க்கு 4000 புள்ளிகளில் எடுக்கும் படம், இன்ஸ்டாகிராமில் 1080-க்கு 1350 அளவில் வரும்போது ஒன்றரை மெகாபிக்சலுக்கும் குறைவாகிறது. லட்சம் ரூபாய் லென்ஸின் நுணுக்கம் எங்கே போகிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை. அங்கே தெரிவது முகபாவமும் வண்ணமும் வேகமும் மட்டும். அதனால்தான் ஊருக்கு ஊர் ஒரே பழுப்பு வண்ணம், ஒரே புகைக்குண்டு, ஒரே மெதுவான நடை.

நேரத்தின் கதையும் இப்படித்தான். முகூர்த்த நாட்களை வைத்து ஓடும் தொழில் இது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆவணி, தை, வைகாசியில் ஒரு நாளைக்கு இரண்டு மண்டபம். செயலியின் கணிப்பு முறைக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அது தொடர்ந்து பதிவிடுபவரை முன்னே தள்ளுகிறது, இடைவெளி விடுபவரை மறந்துவிடுகிறது என்று புகைப்படக்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை முழுதும் சரியா என்பதைச் சோதிக்க நிறுவனத்துக்கு வெளியே யாருக்கும் வழியில்லை, அதனாலேயே அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி நிறைவேற்றப்படுகிறது. ஆவணியில் தூக்கமில்லாமல் படம் எடுப்பவர் ரீலும் வெட்ட வேண்டும். ஆடியில் போடப் புதிதாக எதுவும் இல்லாதபோது, தெரிந்த பெண்ணுக்கு மேக்கப் போட்டு, மேக்கப் ஆர்ட்டிஸ்டும் நகைக் கடையும் புடவைக் கடையும் கூட்டுச் சேர்ந்து, நடக்காத கல்யாணத்துக்கு ஷூட் நடத்த வேண்டும். இதில் வெளியே சொல்லப்படாத ஒரு சண்டையும் இருக்கிறது. ஆறு மாதமாக ஆல்பம் வரவில்லை என்று காத்திருக்கும் வீட்டார், அதே ஸ்டுடியோ நேற்று நடந்த இன்னொரு கல்யாணத்தின் ரீலை இன்று போட்டிருப்பதைப் பார்க்கிறார்கள். போன் பறக்கிறது. ரீல் வெட்ட ஒரு ராத்திரி போதும், ஆல்பம் டிசைன் வேறு வேலை என்று என்ன விளக்கினாலும் எடுபடாது. வாடிக்கையாளர் தரப்பில் நியாயம் இருக்கிறது: அவர் பணம் கொடுத்த நேரத்தின் ஒரு பகுதி, புகைப்படக்காரரின் விளம்பரத்துக்குச் செலவாகிறது.

இந்தச் சலிப்புக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு, பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு, ஒட்டுப்பட ஆல்பத்திலிருந்து பக்கங்களே அச்சாகி வரும் கரிஷ்மா ஆல்பத்துக்கு என்று இந்தத் தொழில் எப்போதும் மாறித்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூத்தவர்கள் புலம்பினார்கள், இளையவர்கள் கற்றுக்கொண்டார்கள். ரீலும் அப்படி ஒன்றுதான் என்பது அந்த மறுப்பு. ஸ்டுடியோவில் தாஜ்மகால் திரை தொங்கவிட்டதும் மோஸ்தருக்குப் பணிந்ததுதானே என்றும் கேட்கலாம். பாதி ஒப்புக்கொள்ளலாம். சலிப்பின் ஒரு பகுதி கற்றுக்கொள்ளச் சோம்பல்தான். மீதிப் பாதியில் ஒரு வேறுபாடு இருக்கிறது. தாஜ்மகால் திரையைக் கேட்டவர் அதன் முன் நின்று காசு கொடுத்தவர். டிஜிட்டல் கேமராவைப் புகைப்படக்காரர் விலை கொடுத்து வாங்கினார். வாங்கிய பிறகு அதன் நடத்தையை கம்பெனி நள்ளிரவில் மாற்றவில்லை. ரீலைக் கேட்பவர் யார்? பார்ப்பவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். அவர்களில் அடுத்த தை மாதம் அந்த மாவட்டத்தில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? லைக் போடுபவர்களில் பாதிப்பேர் சக புகைப்படக்காரர்கள் என்று தொழிலில் இருப்பவர்களே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. வாடிக்கையாளர் ஆகாத பார்வையாளருக்காக உழைப்பது சினிமாக்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் சரி, அவர்களுக்கு அந்தப் பார்வையே வருமானம். கல்யாணப் புகைப்படக்காரருக்கு வருமானம் மண்டபத்தில் இருக்கிறது. பார்வையிலிருந்து வரும் விளம்பர வருமானத்தின் பெரும்பங்கு நிறுவனத்துக்குப் போகிறது. மாற்றம் வந்ததைப் பற்றி யாரும் குறைசொல்லவில்லை. மாற்றத்தின் பலன் யாருக்கு என்பதுதான் கேள்வி.

இனி, புகைப்படக்காரர்கள் பேசத் தயங்கும் பக்கத்துக்கு வருவோம். அந்த ஷோகேஸில் வைக்கும் படங்கள் சட்டப்படி அவர்களுடையவையா? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் படம் எடுத்தவரையே அதன் ஆக்கியோன் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. எழுத்தில் எதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் முடிந்த கல்யாண ஆர்டர்கள் அத்தனையிலும் படத்தின் உரிமை அந்தக் குடும்பத்துடையது. தன் பெயரைச் சொல்லிக்கொள்வது போன்ற ஆக்கியோனின் தனி உரிமைகள் மட்டும் புகைப்படக்காரரிடம் நிற்கும். இன்ஸ்டாகிராம் நிறுவனத்தின் விதிமுறையோ, பதிவேற்றுபவர் அதற்கு உரிமை உள்ளவர் என்று உறுதி கேட்கிறது. அதன்பேரில் உலகம் முழுவதும் செல்லுபடியாகும், காசு தர வேண்டாத, பிறருக்கும் கைமாற்றக்கூடிய அனுமதியைப் பெற்றுக்கொள்கிறது. தன்னுடையதல்லாத பொருளை அடகுவைப்பது போன்ற நிலை இது. பழைய ஷோகேஸிலும் யாரும் கேட்டு வைக்கவில்லையே என்றால், அதைப் பார்த்தது ஊர்; பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். இப்போது பெண்ணின் முகம் எங்கே சேமிக்கப்பட்டது, யார் வெட்டி ஒட்டினார்கள் என்று தேடுவது நடக்காத காரியம். படத்தைப் போட வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் பத்தாம்பசலிகள் என்று முணுமுணுக்கும் புகைப்படக்காரர்கள், தங்கள் படத்தை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது என்று புகார் சொல்லும்போது எந்த உரிமையைக் கேட்கிறார்களோ, அதே உரிமையைத்தான் அந்தக் குடும்பமும் கேட்கிறது.

அந்தப் புகாரும் கற்பனையல்ல. புலிட்சர் பரிசு பெற்ற புகைப்படச் செய்தியாளர் ஸ்டெபனி சின்கிளேரின் படமொன்றை 50 டாலருக்குக் கேட்ட மேஷபிள் இணையதளம், அவர் மறுத்ததும், அவருடைய இன்ஸ்டாகிராம் பதிவையே தன் பக்கத்தில் பதித்துக் காட்டியது. 2020 ஏப்ரலில் நியூயார்க் நீதிமன்றம், இன்ஸ்டாகிராமின் விதிமுறைகளை அவர் ஏற்றபோதே அதற்கு வழிவிட்டுவிட்டார் என்று வழக்கைத் தள்ளியது. ஜூனில் அதே நீதிபதி அதை மறுபரிசீலித்து வழக்கை உயிர்ப்பித்தார். 2023-இல் வேறு இரு புகைப்படக்காரர்கள் இன்ஸ்டாகிராம் மீதே தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி விஷயத்தில் ஐரோப்பாவின் தரவுக் கட்டுப்பாட்டாளர்கள் 2024 ஜூனில் மெட்டாவை நிறுத்திவைக்க முடிந்தது; 2025-இல் மறுபடி தொடங்கியபோது ஐரோப்பியருக்கு மறுப்புத் தெரிவிக்கப் படிவம் இருந்தது. அங்கே சட்டம் கேட்டதால் படிவம் வந்தது. உரிமை தானாகக் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதற்கிடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது: 2024-இல், மென்பொருளில் சிறு திருத்தம் செய்யப்பட்ட அசல் புகைப்படங்களின்மேல் ‘ஏ.ஐ. கொண்டு செய்யப்பட்டது’ என்ற முத்திரை விழுந்தது. புகைப்படக்காரர்கள் எதிர்த்த பிறகு ஜூலையில் அதன் வாசகம் மாற்றப்பட்டது. படத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவரே, படம் பிடித்தவரைப் பார்த்து இது இயந்திரம் செய்ததோ என்று சந்தேகப்பட்ட காட்சி அது.

அப்படியானால் விட்டு வெளியேறலாமே என்பது கடைசி மறுப்பு. செய்தி நிறுவனத்திலோ பெரிய விளம்பரக் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள் வெளியேறலாம். அவர்களுக்கு வேலை கொடுப்பவர் அவர்கள் பெயரை வேறு வழியில் அறிந்திருக்கிறார். பொருட்களைப் படமெடுப்பவர்களுக்கும் பெரிய இழப்பில்லை. கல்யாணம், குழந்தை, வளைகாப்பு எடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பெண் பார்த்த மறுநாளே மணமக்கள் தேடத் தொடங்குவது அந்தச் செயலியில்தான். அங்கே கணக்கில்லாதவரைத் தொழிலுக்குப் புதியவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள், சில சமயம் மோசடி ஆள் என்றுகூட. (வேறொருவர் படங்களைத் திருடிக் கணக்கு நடத்தி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைபவர்களும் அதே செயலியில்தான் இருக்கிறார்கள் என்பது தனிச் சோகம்.) எனவே இருப்பதா போவதா என்ற கேள்வி இவர்களுக்கு எழுவதேயில்லை. எந்த அளவுக்கு இருப்பது என்பதே கேள்வி. வாய்மொழியாக ஆர்டர் வருபவருக்கு இன்ஸ்டாகிராம் விசிட்டிங் கார்டு மாதிரி. யாரோ சொன்ன பெயரைச் சரிபார்க்க ஒரு முறை திறந்து பார்ப்பார்கள், அதற்கு நல்ல முப்பது படம் போதும். முழு ஆர்டரும் அங்கிருந்தே வருபவருக்கு அது முதலாளி. முதலாளியின் மனநிலை மாறும்போதெல்லாம் அவர் தன் கலையையும் ஆட்களையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் செயலிழந்தபோது, வாடிக்கையாளரின் போன் நம்பரைத் தனி நோட்டில் எழுதி வைத்திருந்தவர் யார், வைத்திராதவர் யார் என்பது தெரிந்திருக்கும்.

என் முடிவு இது: கடைவீதியை விட்டுப் போக வேண்டாம், கல்லாவை அங்கே வைக்கவும் வேண்டாம். பழைய வாடிக்கையாளர் பட்டியல், சொந்தப் பெயரில் சின்னதாக ஒரு வலைத்தளம், வருஷத்துக்கு ஒரு முறை கல்யாண நாள் வாழ்த்தோடு ஒரு போன், முதல் குழந்தையின் படத்துக்கு அதே வீட்டாரிடமிருந்து வரும் அழைப்பு ஆகியவை நெகட்டிவ் பெட்டி செய்த வேலையைச் செய்யும். இவற்றோடு வேண்டிய இன்னொன்று, மிக மலிவானதும் மிகக் குறைவாகச் செய்யப்படுவதுமான எழுத்து ஒப்பந்தம். மாவட்டந்தோறும் இருக்கும் போட்டோ, வீடியோ சங்கங்கள் ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினத்துக்குக் கேக் வெட்டுவதோடு ஒரு பொது ஆர்டர் படிவத்தையும் தமிழில் தயாரித்துக் கொடுக்கலாம். உரிமை யாருடையது, எந்தெந்தப் படத்தைப் பொதுவில் போட அனுமதி, குழந்தைகள் முகம் வரலாமா, கேட்டால் எத்தனை நாளில் எடுக்க வேண்டும், ஆல்பம் கொடுப்பதற்குமுன் ரீல் போடலாமா என்று ஐந்தாறு வரிகள் போதும். கையெழுத்துப் போடும்போது வாடிக்கையாளரும் கேட்டுத் தெரிந்துகொள்வார். அச்சடிக்க ஆகும் செலவு ஒரு பூஸ்ட்டுக்கு ஆவதைவிடக் குறைவு. ஆடி மாதத்தில் பிரஸ்காரரும் சும்மாதான் இருப்பார்.